சிவப்பாய் விழுந்த படம்

அத்தியாயம் 7

கன்னியப்பனின் உடல் கிடைக்கவில்லை. ஆகவே அந்த வீட்டில் அவனுடைய படமே உடலாக இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் படத்தை நிறுத்தியிருந்தார்கள். ரோஜா மாலை. காமாட்சி விளக்கு. ஒரு சொம்புத் தண்ணீர், பக்கத்தில் ஒரு பீடிக்கட்டு. வந்தவர்கள் படத்தைக் கும்பிட்டார்கள். கும்பிட்டு நிமிரும்போது ஓரக்கண்ணால் அவன் மனைவி மாலாவின் கன்னத்தைப் பார்த்தார்கள். அது காய்ந்திருந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் காய்ந்திருந்தது.

துப்பறிவாளர் ராஜவேலும் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். போன மார்கழியில் மனைவி நிர்மலாவை எரித்துவிட்டு வந்த அன்று அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். யாரோ காப்பி கொடுத்தார்கள். சர்க்கரை குறைவு என்று சொன்னார். அதை இன்றுவரை சொல்லிக்காட்டும் உறவினர்கள் உண்டு. அதற்குப் பிறகு பசி, கோபம், எரிச்சல் எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தன. அழாத கண்ணை வைத்து ஒருத்தியைக் குற்றவாளி என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது.

பிள்ளைச்சாவடிக்கு அவர் வந்தது கன்னியப்பனின் சாவை விசாரிக்க. கன்னியப்பன் அந்த ஊர்ப் பையன், வலை இழுத்தவன். சில வருடங்களாக ஹரிகிருஷ்ணன் என்பவரிடம் வேலை பார்த்தான். ஹரிகிருஷ்ணன் டவுனில் கம்பெனி நடத்தினார். சுற்றுலா வருகிறவர்களைக் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறக்கிக் காட்டுவதுதான் தொழில். அவர்களைக் கடலடியில் படம் பிடித்துக் கொடுப்பது கன்னியப்பனின் வேலை. அன்றைக்கு வாடிக்கைக்காரர்கள் யாரும் இல்லை. புது இடம் பார்க்கலாம் என்று இரண்டு பேர் மட்டும் படகில் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

‘எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் அவனைத் தவறவிட்டேன். நான் மேலே வந்தேன். அவன் வரவில்லை.’ ஹரிகிருஷ்ணன் போலீசில் சொன்னது இவ்வளவுதான். ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊருக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. மாலா அழவில்லை. ஹரிகிருஷ்ணன் பார்க்க நன்றாக இருப்பார். இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க ஊருக்கு ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. நாளைக்குக் கருமாதி. தாலி இறங்கிய கையோடு ஊர்க்கூட்டம் உட்காரும். மாலாவை நிற்கவைத்துக் கேட்கும்.

அதனால்தான் அவள் பஸ் ஏறி ராஜவேலின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். “அவரு முழுகினாரா, முழுகடிச்சாங்களா? நாளைக்கு என்னைக் கேப்பாங்க சார். எனக்கே தெரியாதே” என்றாள். அதைச் சொன்னபோதும் அழவில்லை.

“பாருங்க சார்” என்று கன்னியப்பனின் அண்ணன் கொளஞ்சி படத்தைக் காட்டினார். கரகரத்த குரல். “எப்டி சிரிக்கறான் பாருங்க. போட்டுல குந்திக்கினு இந்தப் படம் எடுத்து முடிச்ச கையோட தண்ணில குதிச்சான்னு அரிகிருஷ்ணன் சொல்றான். குதிக்கப் போறவன் சிரிக்கறான். கூடப் போனவன் உசுரோட வர்றான். இன்னா கணக்கு இது?”

ராஜவேல் படத்துக்கு எதிரே பாயில் உட்கார்ந்து பார்த்தார். உதவியாளன் ஹாஜா நின்றபடியே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். அவருடைய மௌனங்களின் நீளம் ஹாஜாவுக்குத் தெரியும். ஒரு மௌனத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். இன்னொன்றில் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

நீச்சலுடையில் கன்னியப்பன் படகின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் உயிர் இல்லை. பவுடர் அப்பியதுபோல சாம்பல் பூத்த தோல். பின்னால் வானமும் சாம்பல். படகின் விளிம்பில் ஓடிய பட்டையும் சாம்பல்.

ராஜவேல் திரும்பி வாசல் வழியாகப் பார்த்தார். மணலில் அதே படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் பட்டை நல்ல நீலமாக இருந்தது.

“அந்தப் போட்டுக்கு இப்ப பெயிண்ட் அடிச்சாங்களா?”

“இல்ல சார்” என்றாள் மாலா. “பொங்கலுக்கு அடிச்சது. அவருதான் அடிச்சாரு.”

ஹாஜா கும்பிடுகிற சாக்கில் குனிந்து படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தான். “தஹ்ஸீன் டிஜிட்டல் ஸ்டூடியோ, சாரம்” என்று முணுமுணுத்தான். “சார், நீலத்தைத் திருடினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கைது பண்ணப் போலாமா?”

*

சாரத்தில் அந்த ஸ்டூடியோ ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு டியூஷன் சென்டருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் தஹ்ஸீன். நாற்பது வயதிருக்கும். திரையில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பருக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“லாத்தா, அப்படியே எனக்கும் கொஞ்சம் துடைச்சு விடுங்க” என்றான் ஹாஜா.

“உனக்குத் துடைக்கறதுக்கு மௌஸ் பத்தாது தம்பி, உப்புத்தாள் வேணும்” என்றாள் அவள், திரும்பாமலே.

ராஜவேல் வந்த விஷயத்தைச் சொன்னார். கன்னியப்பன் பெயரைக் கேட்டதும் அவள் கை நின்றது.

“நல்ல மனுஷன் சார். கம்பெனிப் படமெல்லாம் இங்கதான் பிரிண்டு போடுவார். சாவுப் படத்துக்கு என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். ஏன், யாராச்சும் குறை சொன்னாங்களா?”

“படகுப் பட்டை சாம்பலா இருக்கு.”

“சாம்பலாவாவது வந்துதேன்னு சந்தோசப்படுங்க. வந்தப்ப எப்படி இருந்துதுன்னு காட்டட்டா?”

ஹரிகிருஷ்ணன் கொண்டுவந்து கொடுத்த சிடியைப் பிரதி எடுத்து வைத்திருந்தாள். அதில் இரண்டே படங்கள். முதல் படத்தைத் திறந்தாள். கரையில் படகின் மூக்கில் கன்னியப்பன் சூடம் காட்டுகிறான். பக்கவாட்டில் பாதி முகம்தான் தெரிகிறது, அதிலும் கண் மூடியிருக்கிறது. கடல் கடலாக இருந்தது, நீலப் பட்டை நீலமாக இருந்தது.

“இது அன்னிக்குக் காலையில கிளம்பறப்ப எடுத்ததாம். கண்ணு மூடியிருக்கே, மாலை போட ஆகாது. அதனால ரெண்டாவதை எடுத்தேன்.”

இரண்டாவது படத்தைத் திறந்தாள்.

திரை முழுக்கச் சிவப்பு. சிவப்பு வானம், சிவப்புப் படகு, அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு மனிதன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“யா அல்லா” என்றான் ஹாஜா. “பீட்ரூட் அல்வாவுக்கு நீச்சலுடை போட்ட மாதிரி இருக்கு.”

“இதை வெள்ளையாக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு போச்சு. செவப்ப இறக்க இறக்க மத்த நிறமெல்லாம் கூடவே செத்துப்போச்சு. அதான் சாம்பல்.”

ராஜவேல் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரே கேமராவா?”

“ஒரே கேமராதான். எனக்குத் தெரியாததா? கம்பெனியில இருக்கறதே அது ஒண்ணுதான். சின்ன கேமரா, தண்ணி போகாம மேல ஒரு பிளாஸ்டிக் கூடு.”

“எடுத்த நேரம் அதில் இருக்குமே?”

“அதோட கடிகாரம் ஒருநாளும் ஓடினதில்லை சார். அதுக்கு இன்னும் ரெண்டாயிரமாவது வருஷமே பொறக்கலை.”

“காலையில் சரியாக எடுத்த கேமரா, கொஞ்ச நேரத்தில் எப்படி இப்படி ஆகும்?”

தஹ்ஸீன் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். “அதைச் சொல்றதைவிடக் காட்டிடறேன். தம்பி, இப்படி வந்து நில்லு.”

பரிசுப்பொருள் சுற்றுகிற கண்ணாடித்தாளில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு துண்டு கிழித்துத் தன் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒட்டினாள். ஹாஜாவைப் படம் பிடித்தாள். திரையில் ஹாஜா பாசி பிடித்த தொட்டிக்குள் கிடந்தான்.

“கடலுக்குள்ள எல்லாரும் இப்படித்தான் விழுவாங்க. தண்ணி நிறத்தைத் தின்னுடும் சார். முதல்ல செவப்பைத் தின்னும். ரெண்டு மூணு ஆள் ஆழம் போனா செவப்பு கறுப்பாயிடும்.”

“அப்ப நம்ம ஊர் செவப்புத் தொப்பி போலீஸ் கடல்ல எறங்கினா?”

“கறுப்புத் தொப்பி. எட்டுப் பாகம் போனா எல்லாமே நீலப்பச்சைதான். டூரிஸ்ட்டுங்க அவங்கவங்க கேமராவுல எடுத்துட்டு வர்ற படம் பூரா அப்படித்தான் இருக்கும். ஆனா கன்னியப்பன் எடுத்தா மீன் மஞ்சள்னா மஞ்சள், முகம் முகம். ஒருநாள் கேட்டுட்டேன், என்னய்யா பண்றேன்னு. சிரிச்சுட்டு ஒரு பெயிண்ட் வாளி மூடியைக் காட்டினார்.”

“மூடியா?”

“வெள்ளை மூடி. அதை இடுப்புல கட்டிக்கிட்டு இறங்குவாராம். அடியில போனதும் முதல்ல அந்த மூடியைக் கேமராவுக்குக் காட்டணும்.” மேசையிலிருந்த வெள்ளைக் காகிதத்தைக் கேமரா முன்னால் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினாள். “இப்ப கண்ணுக்கு நீலமாத் தெரியுதே, இதான் வெள்ளைன்னு அதுக்குச் சொல்லிடணும். அது நம்பிடும். எவ்வளவு செவப்பு காணாமப் போயிருக்கோ அவ்வளவையும் தானே சேர்த்துப் போட்டுக்கும்.”

நீலத்தாள் ஒட்டியபடியே மறுபடி ஹாஜாவைப் பிடித்தாள். இப்போது திரையில் ஹாஜா ஹாஜாவாக இருந்தான். அவனுக்கே அது கொஞ்சம் ஏமாற்றம்.

“ஆழம் மாறினா மூடியைத் திரும்பக் காட்டணும். மேலே வந்ததும் மறக்காம பழையபடி மாத்தணும்.”

“மறந்துட்டா?” என்றார் ராஜவேல்.

அவள் கண்ணாடித்தாளைப் பிய்த்து எறிந்தாள். வேறு எதையும் தொடாமல் மூன்றாம் முறை பிடித்தாள்.

திரையில் ஹாஜா சிவப்பாய் இருந்தான். பின்னால் சுவர் சிவப்பாய் இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரும் சிவப்பாய் இருந்தது.

பக்கத்து டியூஷன் சென்டரில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவது கேட்டது. தஹ்ஸீனின் கை மெல்ல வாய்க்குப் போயிற்று. அவளுக்கும் இப்போதுதான் புரிந்தது.

“சார்” என்றான் ஹாஜா. குரலை இறக்கியிருந்தான். “இது குதிக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் இல்லை.”

“அடியில் போய் மூடியைக் காட்டிவிட்டு மேலே வந்த பிறகு எடுத்த படம்.”

“ஒருவேளை முந்தின நாள் வேலைக்கு வெச்சது அப்படியே இருந்திருந்தா?”

“அப்படியானால் சூடம் காட்டுகிற படமும் சிவப்பாக விழுந்திருக்கும். அது சரியாக விழுந்திருக்கிறது. அன்றைக்கு இரண்டு படத்துக்கும் நடுவில் கேமரா கடலுக்கு அடியில் போய் வந்திருக்கிறது.”

“கேமரா மட்டும் போயிட்டு வந்திருக்கலாமே? கன்னியப்பன் மேலயே குந்திக்கினு இருந்திருந்தா?”

தஹ்ஸீன் இருமினாள். சிவப்புப் படத்தைப் பெரிதாக்கினாள். நெற்றியிலிருந்து கன்னம் வழியாக மேலுதடு வரைக்கும் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. முகமூடிக் கண்ணாடி அழுத்தியிருந்த தடம். காலையில் எடுத்த பாதி முகத்தில் அது இல்லை.

“மாலை போடற படமாச்சேன்னு...” அவள் முடிக்கவில்லை. “அந்தக் கோட்டை நான்தான் அழிச்சேன் சார்.”

“ரெண்டு சாட்சி லாத்தா” என்றான் ஹாஜா. “ரெண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டம் மாட்டிக் குடுத்திருக்கீங்க.”

*

ஸ்கூட்டரில் ஹாஜா பின்னால் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே வந்தான். ஆள் உயிரோடு மேலே வந்திருக்கிறான். படகில் உட்கார்ந்து சிரித்திருக்கிறான். அதன்பிறகு அவனைக் காணோம். படகில் இருந்தது இரண்டே பேர். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. சிரித்தவனை அப்படியே பின்னால் தள்ளி...

ராஜவேல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு காலத்தில் இப்படி ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிர்மலா அதைக் கண்டுபிடித்துவிடுவாள். இன்னைக்கு யாரோ மாட்டிக்கிட்டாங்க போல என்பாள். இப்போது நெஞ்சு அதுபாட்டுக்கு இருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது நின்றார். பச்சை விழுந்தபோது போனார்.

கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஹரிகிருஷ்ணனின் கம்பெனி இருந்தது. உயரமான கதவு, மஞ்சள் சுவர். உள்ளே ரப்பர் உடைகள் தலையில்லாத ஆட்களைப்போல வரிசையாகத் தொங்கின. ஹரிகிருஷ்ணன் சிலிண்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல நாள் தாடி.

ராஜவேல் இரண்டு படங்களையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். தஹ்ஸீன் அச்சிட்டுக் கொடுத்தவை. ஒன்று சரியாக இருந்தது, மற்றது சிவப்பு.

“ரெண்டாவது படம் எப்ப எடுத்தது?”

“போலீஸ்லயே சொல்லிட்டேனே சார். எறங்கறதுக்கு முன்னாடி.”

“மூடி காட்டறதுன்னா என்னன்னு தெரியுமா?”

“அதெல்லாம் அவன் வேலை. நான் கேமராவைத் தொடறதில்லை.”

“தொடாத கேமராவைத் தொட்டதுதான் தப்பாயிடுச்சு” என்றார் ராஜவேல். பிறகு மூன்றே வாக்கியத்தில் சொன்னார். மூடி. சிவப்பு. முகத்தில் தடம்.

ஹரிகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அவன் சாகலை சார்” என்றார் கடைசியில்.

“எல்லாக் கொலைகாரனுக்கும் முதல் வசனம் இதுதான்” என்றான் ஹாஜா. “ரெண்டாவது வசனம் சொல்லுங்க.”

“நெசமாவே சாகலை. ரெண்டு பேரும் கீழ போனோம், மேல வந்தோம். அவன் முன்னாடியே பேசி வெச்சிருந்தான். வடக்க போற ஒரு லாஞ்சு வந்துச்சு. ஏறிப் போயிட்டான்.”

“நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“போன வருஷம் அடியில எனக்குக் காத்து நின்னுபோச்சு. அவன் வாயிலேர்ந்து எடுத்து எனக்குக் குடுத்தான். மாத்தி மாத்தி மூச்சு வாங்கித்தான் மேல வந்தோம். அதுக்கப்புறம் அவன் எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்.” துணியை மேசையில் வைத்தார். “ஏன்டா, சும்மா போயேன்னு சொன்னேன். சும்மா போனா தேடுவாங்க, செத்துட்டா விட்டுடுவாங்கன்னான்.”

“வேற பொம்பளையா?” என்றான் ஹாஜா.

“யாரும் இல்லை. வீட்ல ரெண்டு பேரும் பேசி வருஷமாச்சுன்னான். சண்டையான்னு கேட்டேன். சண்டை இல்லை, ஒண்ணுமே இல்லைன்னான்.”

ராஜவேல் கையை நீட்டினார். “நம்பர் இருக்கா?”

ஹரிகிருஷ்ணன் தயங்கித் தயங்கித் தன் செல்போனை எடுத்தார். ஆந்திரா நம்பர். மணி அடிக்கத் தொடங்கியதும் ராஜவேல் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கன்னியப்பனின் குரலை அவர் கேட்டதில்லை. எந்தக் குரல் வந்தாலும் அது யாருடையதாகவும் இருக்கலாம். பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

மறுமுனையில் எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. எஞ்சின் ஓடுகிற சத்தம்.

“சாரம் ஸ்டூடியோவிலேர்ந்து பேசறேன்” என்றார் ராஜவேல். “படம் பிரிண்டு போட முடியல. முழுக்கச் செவப்பா விழுந்திருக்கு.”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வைத்துவிடுவான் என்றுதான் ஹாஜா நினைத்தான். ராஜவேல் காத்திருந்தார்.

“வெள்ளைய மாத்தலையா அவன்?” என்றது குரல்.

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல: “கீழ மூடி காட்டி வெச்சது அப்டியே இருந்திருக்கு... நான்தான் கேமராவ எடுத்துக் குடுத்தேன், மாத்திக் குடுக்க மறந்துட்டேன். சே. மூஞ்சியாச்சும் தெரியுதா?”

“தெரியுது” என்றார் ராஜவேல். “மாலாவுக்கு ஏதாவது சொல்லணுமா?”

எஞ்சின் சத்தம் ஒருமுறை ஏறி இறங்கிற்று. அப்புறம் இணைப்பு போய்விட்டது. மறுபடி போட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

“அந்தப் படத்தை அவன்தான் எடுக்கச் சொன்னான்” என்றார் ஹரிகிருஷ்ணன், தரையைப் பார்த்தபடி. “லாஞ்சு கிட்ட வந்துடுச்சு. காலையில எடுத்ததுல கண்ணு மூடிட்டேன், மாலை போட நல்லதா ஒண்ணு வேணுமேன்னான். சிரிச்சான். எடுத்தேன்.”

*

பொழுது சாயும்போது பிள்ளைச்சாவடியில் பந்தல் பாதி நின்றிருந்தது. ஹாஜா வாசலிலேயே நின்றுகொண்டான். ராஜவேல் மட்டும் உள்ளறைக்குப் போனார். பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடிப் புடவைகளை மாலா ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு சார் முழுகடிச்சது?” என்றாள்.

“யாரும் இல்லை.”

அவர் சொன்னார். கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே அவள் புடவைகளை அடுக்கினாள். முடித்தபிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மூங்கிலில் கயிறு இழுத்துக் கட்டுகிற சத்தம் வந்தது. அவர் எழுந்து போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. இரண்டும் எதற்கும் உதவாது என்று அவருக்குத் தெரியும்.

“சண்டைகூட இல்ல சார்” என்றாள். “சண்டைன்னா சொல்லலாம், இதுக்காகத்தான் போனாருன்னு.”

“தேடினால் கண்டுபிடிக்கலாம்.”

“வேணாம்.” பிறகு கேட்டாள்: “இத வெளிய சொன்னா இன்னா ஆவும்?”

“கருமாதி நிற்கும். உங்க மேலே இருக்கிற பேச்சு போகும். பொய்ப் புகாருக்கு ஹரிகிருஷ்ணன் பதில் சொல்லணும்.”

“நானு?”

ராஜவேல் அடுக்கிய புடவைகளைப் பார்த்தார்.

“நான் இந்த ஊட்டுலயே குந்திக்கினு இருக்கணும். வருவான் வருவான்னு இவங்க சொல்லிக்கினே இருப்பாங்க. கழுத்துல இது கெடக்கும். சேதராப்பட்டுல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறேன் சார். அங்கயே ரூம் எடுத்துத் தங்கிக்கறேன்னா, புருசன் உசுரோட இருக்கச்சே இன்னாடி ரூமுன்னு கேப்பாங்க. செத்துட்டாருன்னா கேக்க மாட்டாங்க.”

“ஊர்ப் பேச்சு?”

“நீங்க சொல்லுங்க சார். யாரும் தள்ளலன்னு. அது நெசந்தான?”

“நெசந்தான்.”

“அது போதும்.”

அவர் எழுந்தார். வாசல்வரை போய் நின்று திரும்பினார். “ஒருநாள் திரும்பி வந்துட்டா?”

மாலா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, துக்கமும் இல்லை.

“செத்தவரு எப்டி சார் வருவாரு?” என்றாள்.

வெளியே வந்ததும் கொளஞ்சி வழியை மறித்தார். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். “இன்னா சார்? அவன்தானா?”

“இல்லை. யாரும் தள்ளலை. மாலாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்க தம்பி அவராகவேதான் இறங்கினார். அப்படியே போயிட்டார்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கொளஞ்சி அவரையே பார்த்தார். ஊர் சொன்ன கதையைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் நின்றிருந்த மனிதர்; பிடித்துக்கொள்ள இனி அதுவும் இல்லை. மணலில் அப்படியே உட்கார்ந்தார். தம்பி பெயரைச் சொல்லி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். பெரிய உடம்பு குலுங்கிற்று. இரண்டு பேர் தோளைப் பிடித்தும் நிற்கவில்லை.

ஹாஜா வாயைத் திறந்தான். ராஜவேல் அவனைப் பார்த்தார். அவன் மூடிக்கொண்டான். ராஜவேலுக்கு அந்த அழுகை தூரத்தில் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல. ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றுவிடும். அந்த ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது.

பந்தல்காரன் கயிற்றுச் சுருளோடு வந்து நின்றான். அழுகிறவரிடம் கேட்க முடியாமல் சுற்றிலும் பார்த்தான். ஊரும் ராஜவேலைத்தான் பார்த்தது.

“நாளைக்குக் கருமாதி உண்டாங்க?” என்றான்.

“உண்டு” என்றார் ராஜவேல்.